கறுப்பு ஸ்கிரீன்ல சிவப்புப் பொட்டு!

ராத்திரி மணி ஒண்ணரை. ஹாஸ்டல் ரூம்ல மூணு பேர், ஒரு லேப்டாப், பாதி காலியான முறுக்குப் பாக்கெட். காலையில பத்து மணிக்கு ஃபைனல் இயர் புராஜெக்ட் ரிவ்யூ. சாயங்காலம் வரைக்கும் சமர்த்தா ஓடிட்டிருந்த சர்வர், இப்போ லாகின் பட்டனைத் தட்டினா பேச்சு மூச்சில்லாம நிக்குது. லாக் ஃபைலைத் திறந்தா... கறுப்பு ஸ்கிரீன்ல வெள்ளை எழுத்து, எட்டாயிரம் வரி. மேலே இருந்து கீழே சரசரன்னு ஓடுது. எங்கேயோ ஒரே ஒரு வரியில விஷயம் இருக்கு. அது எதுன்னு கண்ணு பூத்துப் போற வரைக்கும் தேடியிருக்கீங்களா? கம்ப்யூட்டர் படிக்கிற ஆளா இருந்தா கண்டிப்பா தேடியிருப்பீங்க. இன்னும் தேடலைன்னா, கவலைப்படாதீங்க, அந்த ராத்திரி வரும்!

இந்த வாரம் நாம பேசப்போறது அந்த ஒத்தை வரிக்குச் சிவப்பு அடிக்கிற வித்தையைப் பத்தி. பேரு கிரெப். லினக்ஸ், மேக் ரெண்டுலயும் கூடவே வரும். விண்டோஸ்காரங்க லினக்ஸ் சப்சிஸ்டம் போட்டுக்கிட்டா போதும்.

ஒரு சின்ன அறிவிப்பு: கமாண்டுகளை இங்கே உச்சரிப்புப்படி தமிழ்லயே கொடுத்திருக்கோம். டைப் பண்ணும்போது இங்கிலீஷ்ல, சின்ன எழுத்துல அடிங்க. பெரிய எழுத்து வேணும்னா அந்த இடத்துல சொல்லிடுறோம்.

முதல்ல கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். 1973. அமெரிக்காவின் பெல் லேப்ஸ். யுனிக்ஸைப் படைச்ச கென் தாம்ப்ஸன் அங்கேதான் இருக்கார். அவர் எழுதின 'ஈடி'ங்கிற எடிட்டர்ல ஒரு கட்டளை உண்டு: ஜி / ஆர்ஈ / பி. 'ஃபைல் முழுக்கத் தேடு, இந்த மாதிரி அமைப்பு உள்ள வரியெல்லாம் பிரின்ட் பண்ணு'ன்னு அர்த்தம். நடுவுல இருக்கிற ஆர்ஈதான் ரெகுலர் எக்ஸ்பிரஷன். சாய்வுக் கோடுகளை எடுத்துட்டுச் சேர்த்துப் படிங்க... கிரெப்! பேர் வந்த கதை அவ்வளவுதான்.

அதை ஏன் எடிட்டர்ல இருந்து தனியாப் பிரிச்சாங்க? நீங்க 'கே அண்ட் ஆர்'னு செல்லமா கூப்பிடுற சி புத்தகத்தோட 'கே', பிரையன் கெர்னிகன், இதுக்கு ஒரு கதை சொல்லியிருக்கார். லீ மெக்மான்னு ஒரு சக ஆராய்ச்சியாளர். 1787, 88-ல் ஹாமில்டன், மேடிசன், ஜே மூணு பேரும் ஒரே புனைபெயர்ல எழுதின 85 அரசியல் கட்டுரைகள், அதாவது ஃபெடரலிஸ்ட் பேப்பர்ஸ், அவர் கையில இருந்தது. சில கட்டுரைகளை எழுதினது ஹாமில்டனா மேடிசனாங்கிறது ரொம்ப நாள் பஞ்சாயத்து. வார்த்தைகளைத் தேடி அலசி அதைப் பார்க்கணும்னு அவருக்கு ஆசை. ஆனா மொத்தக் கட்டுரையும் அந்தக் கால மெஷின்ல எடிட்டரோட மெமரிக்குள்ள அடங்கலை. எடிட்டருக்குள்ள இருந்த தேடுற பகுதியை மட்டும் தாம்ப்ஸன் உருவி எடுத்து, ஒரே ராத்திரியில தனி புரோகிராமா ஆக்கிக் கொடுத்தாராம். உங்க ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரியோட ஒப்பிட்டுப் பெருமூச்சு விட்டுக்கலாம்!

அப்போ கலர் கிடையாது. ஸ்கிரீனே பல இடத்துல கிடையாது. டெலிடைப்னு ஒரு மெஷின், செகண்டுக்கு பத்து எழுத்து வேகத்துல பேப்பர்ல டகடகன்னு அடிக்கும். கிடைச்ச வரிகளை மட்டும் காட்டினாலே பெரிய விஷயம்.

கலருக்கான வழி பிறகுதான் வந்தது. 1978-ல் டிஈசி கம்பெனி விட்ட விடி100 டெர்மினல், ஒரு ஸ்டாண்டர்டைப் பரவலாக்கிடுச்சு. எழுத்துகளுக்கு நடுவுலயே ரகசியக் குறியீடு அனுப்புறது அதோட ஐடியா. கீபோர்டு மூலையில இருக்கே எஸ்கேப், அதோட நம்பர் 27. அந்த ஒரு கேரக்டரும், அதை அடுத்து '[' என்கிற அடைப்பும் வந்தா டெர்மினல் உஷாராயிடும்: 'ஓஹோ, இது காட்டுறதுக்கு இல்லை, எனக்கு வந்த உத்தரவு.' பிறகு 31, அதுக்குப் பிறகு ஒரு 'எம்' வந்தா, இனி சிவப்புல எழுதுன்னு அர்த்தம். 0 போட்டு எம் வந்தா பழையபடி. வேடிக்கை என்னன்னா, விடி100-ல் கலரே கிடையாது. தடிமன், அடிக்கோடு, மினுமினுப்பு, தலைகீழ் வெளிச்சம் இவ்வளவுதான். கலர் டெர்மினல்கள் பின்னாடி வந்தபோது அதே வழியில ஏறிக்கிட்டுப் போச்சு.

31 ஏன் சிவப்பு? இதை மனப்பாடம் பண்ணவே வேண்டாம் பாஸ். சிவப்புக்கு 1, பச்சைக்கு 2, நீலத்துக்கு 4. முன்னாடி ஒரு 3 ஒட்டிக்கோங்க. 31 சிவப்பு, 32 பச்சை, 34 நீலம். சிவப்பும் பச்சையும் கலந்தா மஞ்சள், 1+2, ஸோ 33. சிவப்பும் நீலமும் கலந்தா மெஜந்தா, 35. பச்சையும் நீலமும் 36, சயான். மூணும் சேர்ந்தா 37 வெள்ளை, எதுவும் இல்லைன்னா 30 கறுப்பு. எட்டு கலருக்கும் கதை முடிஞ்சது. இதே எண்களுக்கு 3-ஐ எடுத்துட்டு 4 போட்டா, எழுத்துக்குப் பதிலா பின்னணி நிறம் மாறும்.

கிரெப்புக்குக் கலர் பூசினது குனூ ஆட்கள். 2002-ல் வந்த 2.5 வெர்ஷன்ல '--கலர்'ங்கிற ஆப்ஷன் சேர்ந்தது. பொருந்துற எழுத்துகளுக்கு முன்னாடி '01;31', பின்னாடி பழைய நிலைக்குத் திரும்புற குறியீடு. அதாவது தடிமனான சிவப்பு. இன்னிக்கும் அதுதான் டிஃபால்ட். உபுன்டுல நீங்க எதுவும் கேட்காமலே கிரெப் சிவப்பு காட்டுதுன்னா, அது உங்க பாஷ் செட்டிங்ஸ் ஃபைல்ல முன்கூட்டியே ஒரு செல்லப்பேர் வச்சு இந்த ஆப்ஷனைச் சேர்த்திருக்காங்கங்கிறதால.

சரி, கலர் அடிச்சா அப்படி என்ன ஆகிடும்? வெறும் அழகுக்கா? இல்லை. 1980-ல் ஆன் ட்ரீஸ்மன், கேரி கெலாட்னு ரெண்டு சைக்காலஜி ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதுக்கு ரொம்பப் பக்கத்துல வருது. நிறைய எழுத்துகளுக்கு நடுவுல வேற கலர்ல ஒண்ணே ஒண்ணு இருந்தா, சுத்தி அஞ்சு இருந்தாலும் முப்பது இருந்தாலும் கண்டுபிடிக்க ஆகுற நேரம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். டக்குனு கண்ணுக்குள்ள வந்து குதிச்சிடும். ஆனா 'பச்சையா இருக்கணும், அதே சமயம் இந்த எழுத்தாவும் இருக்கணும்'னு ரெண்டு அடையாளத்தைச் சேர்த்துத் தேடச் சொன்னா, கூட்டம் ஏற ஏற நேரமும் ஏறும். வெள்ளை எழுத்துக்கு நடுவுல ஒரு வார்த்தையைத் தேடும்போது நீங்க படிச்சுத்தான் ஆகணும். சிவப்பாயிட்டா படிக்கவே வேண்டாம், பார்த்தா போதும்.

இப்படிச் சொன்னதும் சில பேர் ஏழு விஷயத்துக்கு ஏழு கலர் பூசிட்டு வந்து நிப்பாங்க. தீபாவளிக்கு முதல் நாள் ரங்கநாதன் தெரு மாதிரி இருக்கும் ஸ்கிரீன். எல்லாமே குதிச்சா எதுவுமே குதிக்காது! என்னைக் கேட்டா ரெண்டு கலருக்கு மேல ஆகாது.

வடிகட்டாதே, பூசு!

இனிதான் மெயின் மேட்டர். கிரெப்போட வேலை வடிகட்டுறது. 'எரர்'னு தேடினா எரர் இருக்கிற வரிகளை மட்டும் காட்டிட்டு, மத்ததைத் தூக்கிப் போட்டுடும். எட்டாயிரம் வரி நாலு வரியாகிடும். சந்தோஷமா இருக்கும். ஆனா பல நேரம் அங்கேதான் ஏமாறுவோம்.

நம்ம ஒண்ணரை மணி ஹாஸ்டல் ரூமுக்கே வாங்க. எரர்னு தேடினீங்க. 'டேட்டாபேஸ்ல எழுத முடியவில்லை'ன்னு நாலு வரி வந்தது. உடனே மூணு பேரும் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாத்துறீங்க, ரீஇன்ஸ்டால் பண்றீங்க, மணி மூணாயிடுது. நிஜத்துல என்ன நடந்தது? முதல் எரருக்கு நாப்பது வரி முன்னாடி, 'வார்னிங்: டிஸ்க்ல இடம் 1 சதவிகிதம்தான் பாக்கி'ன்னு ஒரு அப்பாவி வரி. அதுல எரர்ங்கிற வார்த்தையே இல்லை. கிரெப் அதைக் குப்பையில போட்டுடுச்சு. ராத்திரி பத்து மணிக்கு டவுன்லோடு பண்ணின நாலு சினிமாதான் வில்லன்!

ஆக, நமக்குத் தேவை வடிகட்டுறது இல்லை. எல்லா வரியும் அப்படியே வரணும், தேடுற வார்த்தை மட்டும் சிவப்பாகணும். அதுக்கு ஒரு குட்டி தந்திரம் இருக்கு:

கிரெப் -ஈ --கலர் 'எரர்|$' சர்வர்.லாக்

ஹைஃபனுக்கு அடுத்த ஈ பெரிய எழுத்து. நடுவுல இருக்கிற நெட்டுக்கோட்டுக்கு 'அல்லது'ன்னு அர்த்தம். டாலருக்கு 'வரியோட கடைசி'ன்னு அர்த்தம். 'எரர் இருக்கிற வரி, அல்லது கடைசின்னு ஒண்ணு இருக்கிற வரி எல்லாம் காட்டு'ன்னு சொல்றோம். கடைசி இல்லாத வரி உலகத்துல உண்டா? ஸோ எல்லா வரியும் பாஸ்! ஆனா கடைசிங்கிறது ஒரு இடம்தானே, எழுத்து இல்லையே. சிவப்பு பூச அங்கே ஒண்ணுமே கிடையாது. எரர்ங்கிற வார்த்தை மட்டும் சிவந்து நிக்கும், மத்த வரியெல்லாம் பக்கத்துல சாதுவா இருக்கும். ரெண்டே ரெண்டு கேரக்டர் செலவுல இவ்வளவு அழகான ஏமாத்து வேலையை நான் வேற எங்கேயும் பார்த்ததில்லை.

இதுல வார்னிங்கையும் சேர்க்கணுமா? இன்னொரு நெட்டுக்கோடு போட்டு எழுதுங்க. எரர் சில இடத்துல பெரிய எழுத்துல, சில இடத்துல சின்ன எழுத்துல இருக்கும். அதுக்கு '-ஐ' சேர்த்துடுங்க, ரெண்டையும் ஒண்ணாப் பார்க்கும். இதை மறந்துட்டு 'சிவப்பே இல்லை, பிரச்னையே இல்லை'ன்னு தூங்கப் போறவங்க நிறையப் பேர். ஓடிக்கிட்டிருக்கிற லாகை நேரடியா பார்க்கணும்னா, 'டெயில் -எஃப் சர்வர்.லாக்' போட்டு, ஒரு பைப், அதுக்கு அடுத்து ஃபைல் பேர் இல்லாம அதே கிரெப். ஒரு ஜன்னல்ல புரோகிராம், பக்கத்து ஜன்னல்ல இது. பட்டனைத் தட்டத் தட்ட சிவப்பு எப்போ எட்டிப் பார்க்குதுன்னு பார்த்துக்கிட்டே இருக்கலாம்.

ஃபைல் ரொம்பப் பெரிசு, எல்லா வரியும் வேண்டாம், முன்னபின்ன கொஞ்சம் போதும்னா, '-சி 40'. இங்கே சி பெரிய எழுத்து. கிடைச்ச வரிக்கு மேலே நாப்பது, கீழே நாப்பது கூடவே வரும். 2016-ல் ஆண்ட்ரூ கேலன்ட் வெளியிட்ட ரிப்கிரெப் வச்சிருந்தா, டாலர் தந்திரமே தேவையில்லை. '--பாஸ்த்ரூ'ன்னு அதுக்குன்னே ஒரு ஆப்ஷன் இருக்கு.

பைப்புக்குள்ள போன பெயின்ட்

கலர் வரும்னு நம்பி, கிரெப்போட விடையை 'லெஸ்'ஸுக்கு அனுப்பிப் பார்ப்பீங்க. சிவப்பு காணாமப் போயிருக்கும். கிரெப் கொஞ்சம் புத்திசாலி. சும்மா '--கலர்'னு சொன்னா, தன்னோட விடை டெர்மினலுக்குப் போகுதா, வேற புரோகிராமுக்கோ ஃபைலுக்கோ போகுதான்னு பார்க்கும். டெர்மினல் இல்லைன்னா பெயின்ட் டப்பாவை மூடிடும். 'இல்லை, எனக்கு வேணும்'னு அடம்பிடிச்சா, '--கலர்=ஆல்வேஸ்'. கூடவே லெஸ்ஸுக்கு '-ஆர்', பெரிய எழுத்துல. அப்போ பக்கம் பக்கமா, சிவப்போட படிக்கலாம்.

ஆனா ஆல்வேஸை எப்பவும் ஆன் பண்ணி வச்சிடாதீங்க. விடையை ஒரு ஃபைல்ல சேமிச்சு அதை உங்க பைத்தான் புரோகிராமுக்குக் கொடுப்பீங்க. ஸ்கிரீன்ல பார்த்தா எல்லாம் சரி. புரோகிராம் மட்டும் 'இந்தப் பேர்ல யாருமே இல்லை'ங்கும். ஏன்னா பேருக்கு முன்னாடியும் பின்னாடியும் அந்த எஸ்கேப் குறியீடுகள் ஒளிஞ்சு உட்கார்ந்திருக்கும். 'கேட் -வி' போட்டு அந்த ஃபைலைப் பார்த்தா குட்டு வெளிப்படும்.

ரெண்டு கலர் வேணும்னா ரெண்டு கிரெப்பை பைப்ல கோர்க்கலாம். முதலாவது ஆல்வேஸோட எரருக்குச் சிவப்பு. ரெண்டாவதுக்கு முன்னாடி, 'கிரெப், அடிக்கோடு, கலர்ஸ்' எல்லாம் பெரிய எழுத்துல அடிச்சு, சமக்குறி போட்டு, 'எம்டி=01;33'ன்னு சொன்னா வார்னிங்குக்கு மஞ்சள். ரெண்டுலயும் டாலர் தந்திரம் உண்டு. ஒரே ஒரு ஜாக்கிரதை... ரெண்டாவது கிரெப்ல எண்ணைத் தேடாதீங்க. முதல் கிரெப் பூசின '01;31'-லயும் எண் இருக்கே! 1-ஐத் தேடினா அந்தக் குறியீட்டையே பிளந்து நடுவுல மஞ்சள் பூசும். அப்புறம் ஸ்கிரீன் பூரா கோழி கிளறின மாதிரி ஆயிடும்.

இந்த எஸ்கேப் சமாசாரத்துல வில்லங்கமும் உண்டு. டெர்மினல் யார் அனுப்பின உத்தரவுன்னு பார்க்காது, வந்தா செய்யும். உங்க வெப்சைட்ல ஒருத்தர் யூசர்நேம் கட்டத்துல எஸ்கேப் குறியீடுகளை அனுப்பி, அது அப்படியே லாக்ல பதிஞ்சுட்டா? நீங்க லாகைத் திறக்கும்போது சில வரிகள் அழிஞ்சு போன மாதிரியோ, இல்லாத ஒண்ணு இருக்கிற மாதிரியோ காட்ட முடியும். 2003-லயே ஹெச்.டி.மூர் இந்த ஆபத்துகளைத் தொகுத்து எழுதியிருக்கார். லாக் எழுதுற புரோகிராம் உங்களோடதுன்னா, வெளியில இருந்து வர்ற எழுத்துகள்ல 27-ஆம் நம்பரை நீக்கிட்டுப் பதியுங்க. வைவாவுல சொன்னா மார்க்கும் விழும்.

சிவப்பு தெரியாத கண்ணுக்கு?

வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்கள்ல சுமார் 12 பேருக்கு ஒருத்தருக்கு சிவப்பு, பச்சை வித்தியாசம் சரியாத் தெரியாது. உங்க கிளாஸ்லயும் ஓரிருத்தர் இருக்கலாம். வெளியில சொல்லாம இருக்கலாம். அதுல ஒரு வகைப் பார்வையில சிவப்பு ரொம்ப மங்கி, இருட்டாத் தெரியும். கறுப்புப் பின்னணியில சிவப்பு எழுத்துன்னா அவங்களுக்கு எது முக்கியமோ அதுவே காணாமப் போகும்! டீம்ல ஒருத்தர் 'எனக்கு எதுவும் தெரியலையே'ன்னா, உடனே 'நல்லாப் பாருடா'ன்னு தலையில தட்டாதீங்க. எம்டி-க்கு 07 கொடுங்க. எழுத்தும் பின்னணியும் இடம் மாறி, வெள்ளைக் கட்டத்துல கறுப்பு எழுத்தா நிக்கும். இல்லைன்னா '01;04', தடிமனும் அடிக்கோடும். கலர் தேவையே இல்லை. நீலம் மட்டும் வேண்டவே வேண்டாம். ஸ்கிரீனோட வெளிச்சத்துல பச்சையோட பங்கு 72 சதவிகிதம், சிவப்பு 21, நீலம் வெறும் 7. கறுப்பு மேல நீலம் எல்லார் கண்ணுக்குமே சோதனைதான்.

தமிழ்ல தேடினா...

கடைசியா நம்ம ஊர் கூத்து. தமிழ் டெக்ஸ்ட்ல கிரெப் அடிச்சுப் பாருங்க. 'பல'ன்னு தேடுங்க. 'பல்'லும் வரும்! அதுவும் 'பல' வரைக்கும் சிவப்பு, மேலே இருக்கிற புள்ளி மட்டும் அநாதையா. ஏன்னா யூனிகோடுல 'ல்'ங்கிறது ஒரு எழுத்து இல்லை. 'ல' ஒண்ணு, புள்ளி ஒண்ணு, ரெண்டு குறியீடு. கிரெப் ரெண்டுக்கும் நடுவுல கலர் குறியீட்டைச் செருகிடும். சில டெர்மினல்ல புள்ளி தனியாப் பிரிஞ்சு, ஒரு புள்ளி வட்டத்து மேல உட்கார்ந்துக்கும். 'பலா'வுக்கும் இதே கதி, கால் உடைஞ்சு விழும்.

மருந்து இருக்கு. '-பி', பெரிய எழுத்துல, போட்டுட்டு இப்படிக் கேளுங்க:

'பல(?![ா-்])'

'பல'வுக்கு அடுத்து காலோ, கொம்போ, புள்ளியோ எதுவும் வரக் கூடாதுன்னு அர்த்தம். பல், பலா, பலி எல்லாம் ஒதுங்கிடும். 'பல', 'பலம்', 'பலர்' மட்டும் சிவக்கும்.

இன்னொண்ணு இதைவிடக் குசும்பு. 'கொ'வை ரெண்டு விதமா எழுதி வச்சிருக்கலாம். 'க'வுக்கு அடுத்து ஒகரக் குறி மொத்தமா ஒரே குறியீடா வரலாம், அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனி குறியீடா வரலாம். கண்ணுக்கு ரெண்டும் ஒரே 'கொ'தான். கிரெப்புக்கு வேற வேற. கண் முன்னாடி 'கொடி' இருக்கும், கிரெப் இல்லைன்னு சாதிக்கும். தமிழ் புராஜெக்ட் எடுத்திருக்கிறவங்க, தேடுறதுக்கு முன்னாடியே ஃபைல் முழுக்க என்எஃப்சிங்கிற ஒரே வடிவத்துக்கு மாத்திடுங்க. பைத்தான்ல 'யூனிகோட் டேட்டா' மாடியூல் இதுக்குன்னே இருக்கு, ஒரே வரி வேலை. தேடுற வார்த்தையையும் அதே வடிவத்துல அடிங்க.